எண்ணாமல் விட்ட கோல்கள்

ஹொக்கி என்னும் சொல் உலகத்தை இரண்டாகப் பிரித்து நிற்கிறது. கனடா நாட்டார் ஒருவரிடம் அச்சொல்லைக் கூறினால் அவர் கண்முன் தோன்றுவது பனிக்கட்டித் தளம். காலிற் கூரிய இரும்பலகு பூட்டிய ஆறு வீரர். தரையோடு வழுக்கிச் செல்லும் கரிய ரப்பர் வட்டு. இந்திய நாட்டார் ஒருவரிடம் அதே சொல்லைக் கூறினால் அவர் காண்பது பசும்புல் வெளி, பதினொரு வீரர், வெண்ணிறப் பந்து. இரண்டுக்கும் பொதுவாவது நுனி வளைந்த கோல் ஒன்றே. தமிழில் இவ்விளையாட்டை வளைகோற் பந்தாட்டம் என்று வழங்குவர். பெயரிட்டவர் விளையாட்டின் உயிர்நாடியைப் பிடித்துவிட்டார் என்றே சொல்வேன். பந்து எல்லா விளையாட்டிலும் உண்டு. வளைவு இதிலேதான் உண்டு.

வளைந்த கொம்பு எங்கள் மட்டக்களப்பு நாட்டாருக்குப் புதியதன்று. கண்ணகியம்மனை முன்னிட்டு வடசேரியார், தென்சேரியார் என்று ஊர் இரு கட்சியாகப் பிரிந்து ஆடும் கொம்புமுறியில், வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, ஒன்று முறியும்வரை வடம் பிடித்து இழுப்பர். அதில் முறிந்த கொம்புக்கும் மரியாதை உண்டு. தோற்ற சேரியாரும் ஊரை விட்டுப் போய்விடுவதில்லை. இந்த வழக்கத்தை ஏன் இங்கே சொல்கிறேன் என்பது போகப் போக விளங்கும்.

கடந்த ஆவணியில் என் தங்கை குடும்பம் ரொறன்ரோவிலிருந்து பாசிக்குடாவுக்கு வந்திருந்தது. அவள் மகனுக்குப் பதினான்கு வயது. எங்கள் கடலிலே இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடந்து போகலாம் என்பதை அவன் நம்பவில்லை. நடந்து பார்த்த பிறகே நம்பினான். மாலையில் மணலில் அமர்ந்திருந்தபோது பேச்சு விளையாட்டின் மேற் சென்றது.

“மாமா, வெய்ன் கிரெட்ஸ்கியைத் தெரியுமா? 894 கோல்!” என்றான்.

தெரியும் என்றேன். அவன் விடவில்லை. ஆட்டங்கள் 1,487, கோல்கள் 894, பிறர் கோலடிக்கத் துணைநின்றவை 1,963, 1979 முதல் 1999 வரை இருபது பருவங்கள். எங்கள் வகுப்புப் பிள்ளைகள் கீழ்க்கணக்கு நூல்களின் பெயரை ஒப்பிப்பது போல ஒப்பித்தான். அந்த 894 என்னும் எல்லையை 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் ரஷ்ய வீரர் அலெக்சாண்டர் ஒவெச்கின் கடந்ததையும், அதற்காக ஆட்டத்தையே நிறுத்திக் கொண்டாடியதையும் சொன்னான். நான் எல்லாவற்றையும் கேட்டிருந்துவிட்டு, “மனே, புல்வெளி ஹொக்கியிலும் ஒருவர் இருந்தார். அவர் தாய்மொழி தமிழ். தகப்பன் பெயர் நாகலிங்கம்” என்றேன். பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“அவர் எத்தனை கோல் அடிச்சவர், மாமா?”

அக்கேள்விக்கு எவராலும் ஓர் எண்ணைச் சொல்ல முடியாது. தன்ராஜ் பிள்ளை இந்திய நாட்டுக்காக ஆடிய ஆட்டங்கள் 339 என்பது தெரியும். அவற்றில் அவர் அடித்த கோல்கள் எத்தனை என்று இந்திய ஹொக்கியை ஆண்ட சங்கம் கணக்கு வைக்கவில்லை. நூற்றிருபது என்பாரும் உளர். நூற்றெழுபது என்பாரும் உளர். இடையே கிடக்கும் அந்த ஐம்பது கோல்கள் காற்றோடு போயின. கனடாவிலே ஒருவன் கோலடிக்க மற்றொருவன் வட்டைத் தள்ளிக் கொடுத்ததைக்கூடப் பேரேட்டிற் பதிந்து வைத்தார்கள். இங்கே கோலடித்தவன் கணக்கையே பதியவில்லை. பிள்ளைக்கு அன்று வாயாற் சொன்னது பாதி. எழுத்திற் சொல்ல வேண்டியது மிகுதி.

தன்ராஜ் பிறந்தது 1968ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள். ஊர் மகாராட்டிர மாநிலத்துப் புனே நகரை அடுத்த கட்கி. ஆங்கிலேயர் அதனைக் கிர்க்கீ என்றனர். படை முகாமும் படைக்கலத் தொழிற்சாலையும் அமைந்த ஊர். பிழைப்புத் தேடி வடக்கே சென்ற தமிழ்க் குடும்பங்களுள் ஒன்று நாகலிங்கம் பிள்ளையின் குடும்பம். அவர் அத்தொழிற்சாலையின் விளையாட்டுத் திடலைப் பேணும் பணியில் இருந்தார். மனைவி ஆண்டாளம்மா. ஆண்மக்கள் ஐவர், தன்ராஜ் நான்காமவர்.

நாகலிங்கம் என்ற பெயர் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை வீடுகளில் உண்டு என்பதை வாசகர் அறிவர். வீட்டிலே தமிழ், தெருவிலே மராத்தி, ஆட்டத் திடலிலே இந்தி என்று மும்மொழியில் வளர்ந்த பிள்ளை அவர். அவரைத் தமிழர் என்று சொல்லும்போது மராத்தியர் முகஞ் சுளிக்க வேண்டியதில்லை. அவரை வளர்த்தது மராட்டிய மண். அவரை ஈன்றவள் தமிழ் பேசியவள். இரண்டும் மெய்.

திடலைப் பேணுபவரின் பிள்ளைகளுக்குத் திடல் கிடைத்தது. கோலும் பந்தும் கிடைக்கவில்லை. முறிந்து எறிந்த கோல்களைப் பொறுக்கிக் கட்டி, பெரியவர் விட்டெறிந்த பந்துகளை எடுத்து, தொழிலாளர் குடியிருப்பின் ஈரமண்ணில் ஆடிப் பழகினார்கள். தென்னைமட்டையைச் சீவித் துடுப்பாக்கி மணலிலே துடுப்பாட்டம் ஆடும் எங்கள் கல்குடா, பாசிக்குடாப் பிள்ளைகளுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. அக்காலத்தில் இந்திய ஹொக்கியில் ஒளிவீசிய முகமது ஷாகித்தின் ஆட்டத்தைப் பார்த்து அதே போலப் பந்தை உருட்டப் பார்ப்பார் சிறுவன் தன்ராஜ். வறுமை பெரிது, ஆயினும் ஐந்து பிள்ளைகளையும் ஆடப்போகாதே என்று ஆண்டாளம்மா தடுக்கவில்லை. ஆடுங்கள் என்றே அனுப்பினார். தம் ஆட்டத்தின் முதல் அத்தியாயம் தம் தாயே என்று தன்ராஜ் பின்னாளிற் பலமுறை கூறியுள்ளார்.

இந்த இடத்தில் கிரெட்ஸ்கியின் பிள்ளைப் பருவத்தையும் ஒரு வரி சொல்லுதல் தகும். ஒன்ராறியோ மாநிலத்துப் பிரான்ட்பர்ட் என்ற ஊரில் அவர் தகப்பனார் வால்டர், வீட்டின் பின்புறத்தில் நீரைத் தெளித்து உறையவிட்டு மகனுக்கென ஒரு பனித்தளம் செய்து கொடுத்தார். ஒரு தகப்பன் நீரை உறையவைத்தான். மற்றத் தகப்பன் பிறருக்காகப் புல்லை வெட்டினான். இருவர் பிள்ளைகளும் கோலெடுத்தார்கள்.

மூத்த தமையன் ரமேஷ் பம்பாயில் ஓர் உர நிறுவனத்தின் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார், இந்தியாவுக்காகவும் ஆடியவர். 1980களின் நடுப்பகுதியில் தம்பி அங்கே போய்ச் சேர்ந்தார். பம்பாயில் அக்காலத்தில் ஹொக்கி ஆடுபவனுக்கு வேலை கிடைக்கும். வேலை என்றால் நிறுவனத்தின் அணியில் ஆடுவதே வேலை. மகிந்திரா அணி அவரை எடுத்துக்கொண்டது. முன்னாள் இந்திய வீரர் ஜோகிம் கார்வாலோ அங்கே பயிற்றுநர். தமையன் காட்டிய வழியும் கார்வாலோ தந்த பயிற்சியும் சேர்ந்து, 1989இல் புதுடில்லியில் நடந்த ஆசியக் கிண்ணத்தில் இருபத்தொரு வயது இளைஞனை இந்திய அணிக்குள் கொண்டுவந்து நிறுத்தின.

அவர் புகுந்த வீடு எத்தகையது என்பதை அறியாமல் அவர் பெருமையை அளக்க முடியாது. 1928 முதல் 1980 வரை இந்தியா ஒலிம்பிக்கில் எட்டுத் தங்கம் வென்ற நாடு. தியான்சந்த் என்ற பெயரை அறியாதார் இலர். எட்டாவது தங்கத்தை 1980இல் மொஸ்கோவில் வென்ற அணிக்குத் தலைவர் வாசுதேவன் பாஸ்கரன் என்னும் தமிழரே. ஆனால் அதற்கு முன்னரே வீட்டின் அத்திவாரம் ஆட்டங்கண்டுவிட்டது. 1976இல் மொன்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தளத்தில் ஹொக்கி ஆடினர். இயற்கைப் புல்லில் பந்து துள்ளும், தயங்கும், திரும்பும். அதனைக் கோலின் நுனியில் அடக்கிக்கொண்டு நான்கு பேரை ஏய்த்துச் செல்லும் கைவித்தையே இந்தியர், பாகிஸ்தானியர் சொத்து. செயற்கைத் தளத்தில் பந்து நேர்கோடாக விரையும்; ஓடும் வலுவும் நெடுந்தூரம் தள்ளிக் கொடுக்கும் திட்டமுமே அங்கே வெல்லும். அத்தளமோ பெரும் பொருட்செலவில் அமைவது. ஐரோப்பிய ஊர்களில் அது மலிந்தது. இந்தியச் சிறுவர் மண்ணிலேயே ஆடிக்கொண்டிருந்தனர். இதிலே ஒரு வேடிக்கை. பனித்தள ஹொக்கியைக் கூரையின்கீழ் முதன்முதல் முறைப்படி ஆடியதும் அதே மொன்ரியல் நகரில்தான், 1875ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள். ஒரே நகரம் ஒரு ஹொக்கியைத் தொட்டிலில் இட்டது. மற்றொன்றின் தலைவிதியை மாற்றி எழுதிற்று.

ஆகவே தன்ராஜ் பெற்றது அரண்மனையின் திறவுகோல்தான். அரண்மனை இருந்த இடத்தில் மிஞ்சியவை தூண்கள் சில. இடிந்த வீட்டின் வாரிசு அவர். இதனை மறந்து, பதக்கத்தை மட்டும் எண்ணி அவரை மதிப்பிடுவோர் உளர். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹொக்கித் திடல் 91 மீற்றர் நீளமும் 55 மீற்றர் அகலமும் கொண்டது. கோலின் தட்டையான ஒரு புறத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம். எதிரியின் கோலுக்கு முன் வரைந்த வளையத்துக்குள் நின்று அடித்தாலன்றி அது கோலாகாது. எனவே பந்தை எப்படியாவது அவ்வளையத்துக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். அந்த ‘எப்படியாவது’ என்ற சொல்லின் பொருளே தன்ராஜ். தோளளவு முடி காற்றில் அலைய, உடலை முன்னே சாய்த்து, பந்து கோலில் ஒட்டிக்கொண்டதோ என்று ஐயுறும்படி ஓடுவார். ஓட்டத்தின் நடுவே சட்டென வேகத்தைக் குறைப்பார், எதிரியும் குறைப்பான், மறுகணம் இவர் போய்விட்டிருப்பார். தொலைக்காட்சியில் நான் பார்த்த ஆட்டங்களில் என்னைக் கவர்ந்தது இந்தத் தயக்கமே. பாட்டிலே வகையுளி வந்தால் இலக்கணகாரர் குறை என்பர். நல்ல புலவன் கையில் அதுவே ஓசையின்பம் ஆவதுண்டு. அவர் கால்களில் அத்தகைய வகையுளி இருந்தது. ஐரோப்பியத் தளத்தில் பழைய இந்தியக் கைவித்தையை வைத்துக்கொண்டு ஓடிய கடைசித் தலைமுறையின் தலைமகன் அவர்.

1992இல் பார்சிலோனா, 1996இல் அட்லாண்டா, 2000இல் சிட்னி, 2004இல் ஏதென்ஸ் என ஒலிம்பிக் நான்கு. 1990, 1994, 1998, 2002 என உலகக் கிண்ணம் நான்கு. அதே ஆண்டுகளில் ஆசிய விளையாட்டு விழா நான்கு. சம்பியன்ஸ் கிண்ணம் நான்கு. 1994இல் சிட்னியில் நடந்த உலகக் கிண்ணத்தின் முடிவில் உலகின் தலைசிறந்த பதினொருவரைத் தெரிந்தபோது அதில் இடம்பெற்ற இந்தியர் இவர் ஒருவரே. ஆனால் ஒலிம்பிக்கில் இந்தியா பெற்ற இடங்கள் முறையே ஏழு, எட்டு, ஏழு, ஏழு. நான்கு ஒலிம்பிக், பதக்கம் ஒன்றுமில்லை.

பாங்கொக் நகரை மட்டும் தனியே எடுத்துப் பேசவேண்டும். ஆசிய விளையாட்டு விழாவில் இந்தியா ஹொக்கித் தங்கம் வென்றது 1966இல், அதே பாங்கொக்கில். அதன்பின் முப்பத்திரண்டு ஆண்டுகள் பாகிஸ்தானும் தென்கொரியாவும் அத்தங்கத்தைத் தம்முள் மாற்றிக்கொண்டன. 1998 மார்கழியில் தன்ராஜ் தலைமையில் இந்திய அணி மீண்டும் பாங்கொக் போயிற்று. அவ்வாண்டிலேயே நெதர்லாந்தின் உட்ரெக்டில் நடந்த உலகக் கிண்ணத்தில் ஒன்பதாம் இடத்துக்கு இறங்கிய அணி அது. பெரிதாய் எதிர்பார்த்தவர் இலர். அணியில் மிகுதியான கோல் அடித்தவர் தலைவரே. இறுதி ஆட்டத்தில் தென்கொரியா எதிர் நின்றது. வெற்றி தோல்வியின்றி நேரம் முடிந்தது. தண்டனை அடிகளால் முடிவு செய்யவேண்டிய நிலை. இந்தியக் கோற்காவலர் ஆஷிஷ் பல்லால் எதிரியின் அடிகளைத் தடுத்தார், தங்கம் திரும்பிற்று.

அந்நாளில் மின்சாரம் நிலையாக இல்லாத எங்கள் பகுதியில் வானொலியே கதி. இரவுச் செய்தியின் கடைசியில் இரண்டே வாக்கியம் வந்தது. பிள்ளை என்ற பெயர் ஒலித்ததும் அயலில் இருந்த முதியவர் ஒருவர், “யார் தம்பி, நம்மட ஆளா?” என்று கேட்டார். ஓம் என்றேன். ஆள் கட்கிக்காரர் என்று விளக்கப் போனால் அன்றிரவு முடிந்திராது.

முப்பத்திரண்டு ஆண்டுக் காத்திருப்பை முடித்துவைத்த தலைவனுக்கு என்ன கிடைத்தது? அடுத்த தொடருக்கு அணி அறிவிக்கப்பட்டபோது தன்ராஜின் பெயர் இல்லை. பல்லாலின் பெயரும் இல்லை. மூத்த வீரர் சிலரும் இல்லை. ஓய்வு கொடுத்திருக்கிறோம் என்றது சங்கம். வெளிநாட்டுப் பயணத்தில் தரும் படி போதாது, உரிய ஊதியம் வேண்டும் என்று வீரர்கள் குரல் எழுப்பியதற்குக் கிடைத்த தண்டனை என்றே பலரும் கருதினர். ‘ஓய்வு’ என்ற சொல் இவ்வாறு பயன்படுவதை நான் பிற இடங்களிலும் கண்டிருக்கிறேன். களைப்படையாதவனுக்குத் தரும் ஓய்வு வேறு பெயர் உடையது. நாட்டின் அரசோ அதே காலத்தில் அவருக்கு 1999-2000ஆம் ஆண்டுக்கான கேல் ரத்னா விருதை அளித்தது. விளையாட்டு வீரருக்கு இந்தியா தரும் தலையாய விருது அது. ராஜீவ் காந்தியின் பெயரோடு அன்று வழங்கிய அவ்விருது 2021 முதல் தியான்சந்தின் பெயரைத் தாங்குகிறது.

தன்ராஜ் வாயை அடக்கத் தெரியாதவர். மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுவார். சினம் உடனே வரும். கண்ணீரும் உடனே வரும். தலைவனுக்கு இவை பொருந்தா என்பது நீதிநூல் முடிவு. அம்முடிவை மறுக்க நான் துணியேன். ஆனால் அவர் கேட்டவை தமக்கு மட்டும் கேட்டவையல்ல. துடுப்பாட்ட வீரனின் ஒருநாட் சம்பாத்தியம் ஹொக்கி வீரனின் ஓராண்டு வாழ்வாக இருந்த நாட்டில், அமைதியாகக் கேட்டவர்களுக்கு ஏதும் கிடைத்ததாக வரலாறு இல்லை.

அதனால்தான் பிறநாட்டு அணிகளுக்கும் அவர் ஆடினார். லண்டனில் இந்தியன் ஜிம்கானா, பிரான்சில் லியோன், ஜெர்மனியில் ஸ்ருட்கார்ட் கிக்கர்ஸ், டாக்காவில் அபாஹனி, மலேசியாவிலும் ஹொங்கொங்கிலும் சில அணிகள். கோலைத் தோளில் இட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சென்ற அவரை நினைக்கும்போது, பரிசில் தேடி வள்ளல்களின் ஊர்களுக்கு நடந்த பாணர்களே எனக்கு நினைவுக்கு வருகின்றனர். பாணனுக்கும் யாழே முதல். கைக்கு எட்டும் பொருள் பிறகு.

இனிச் சிட்னி. 2000ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் இந்தியா தன் பிரிவின் கடைசி ஆட்டத்தைப் போலந்தோடு ஆடிற்று. வென்றால் அரையிறுதி, அரையிறுதி என்றால் பதக்கத்துக்கு ஒரு படி. போலந்து அவ்வளவு வலிய அணியன்று. இந்தியா ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடமும் இல்லை. போலந்து ஒரு கோல் அடித்தது. ஒன்றுக்கு ஒன்று. அவ்வளவுதான். அன்று அணியின் பயிற்றுநராகக் கரையில் நின்றவர் வாசுதேவன் பாஸ்கரன். இருபது ஆண்டுகளுக்கு முன் மொஸ்கோவில் கடைசித் தங்கத்தைக் கையில் ஏந்திய அதே பாஸ்கரன். தங்கம் கண்ட தமிழர் ஒருவர் கரையில். தங்கம் காணாத தமிழர் ஒருவர் களத்தில். களத்தில் நின்றவர் குழந்தையைப் போல் அழுதார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2003இல் கோலாலம்பூரில், தன்ராஜ் தலைமையில் இந்தியா முதன்முறையாக ஆசியக் கிண்ணத்தை வென்றது. இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானை நான்குக்கு இரண்டு என வீழ்த்தினர். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. இதோடு நிறுத்தியிருக்கலாம் என்பர் சிலர். ஒலிம்பிக் பதக்கம் இல்லாத ஒருவரால் ஒலிம்பிக்குக்கு முந்திய ஆண்டில் எப்படி நிறுத்த முடியும்?

ஏதென்சுக்குச் சில வாரங்களுக்கு முன் இந்திய அணியின் பயிற்றுநர் மாற்றப்பட்டார். ஜெர்மானியர் ஒருவர் வந்தார். அணித்தலைமை திலீப் திர்க்கியிடம் இருந்தது. தன்ராஜ் அணியோடு போனார். அவருக்குக் கிடைத்த ஆட்டநேரம் சொற்பம். பெரும்பொழுது ஓரத்து வாங்கிலே கழிந்தது. அணி ஏழாம் இடம். 339ஆவது ஆட்டத்தோடு, 2004 ஆவணியில், அவருடைய பன்னாட்டு ஆட்டம் முற்றுப்பெற்றது.

அந்த ஆண்டின் மார்கழி 26ஆம் நாள் கடல் எங்கள் கரைக்குள் புகுந்தது. பாசிக்குடாவில் அன்று போனவற்றைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒன்றே ஒன்று. 1989 முதல் பத்திரிகைகளிற் கத்தரித்து ஒட்டிவைத்த ஒரு கொப்பி என்னிடம் இருந்தது. அதில் தன்ராஜின் ஆட்டங்கள் எனக்குத் தெரிந்தவரை தேதியோடு இருந்தன. சிலவற்றுக்கு நேரே கோல் எண்ணிக்கையும் மையினால் எழுதியிருந்தேன். முழுக்கணக்கு அன்று, போர்க்காலத்தில் பத்திரிகை வந்த நாளும் வராத நாளும் உண்டு. அதுவும் நீரோடு போயிற்று. ஒரு தனிமனிதன் கொப்பி போனால் குறையில்லை. ஒரு நாட்டின் சங்கம் கொப்பியே வைத்திருக்கவில்லை என்பதுதான் குறை.

கணக்கு ஏன் வேண்டும் என்று கேட்பார் உண்டு. எங்கள் ஈழத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கையின் முதல் தங்கத்தை வென்றார். குறுக்குச் சட்டம் இருந்த உயரம் இன்றும் ஏட்டில் இருக்கிறது. பாய்ந்ததை எவரும் குறைத்துக் கூற முடியாது. (அவர் தகப்பனார் பெயரும் நாகலிங்கமே என்பதைக் கவனிக்க.) அணியாக ஆடுபவனுக்கு அந்தச் சட்டம் இல்லை. பதக்கமும் இல்லை, எண்ணும் இல்லை என்றால், பார்த்தவர் கண்ணை மூடியதும் ஆட்டமும் மூடிவிடும். பழந்தமிழ்த் தொகைநூல்களைத் தொகுத்தோர், புலவனின் பெயர் கிடைக்காத இடத்தில் அவன் பாட்டின் அழகிய தொடர் ஒன்றையே அவனுக்குப் பெயராக இட்டுக் காப்பாற்றினர். எழுதியவன் போனான், எழுத்து நின்றது, அதிலிருந்து ஒரு பெயர் செய்தார்கள். தொகுப்போன் கடமை என்பது இது. ஹொக்கிச் சங்கத்தாருக்குத் தமிழ்ப் பண்டிதன் ஒருவன் இதைச் சொல்ல வேண்டியிருப்பது காலக் கோலம்.

கொம்புமுறியில் முறிந்த கொம்பைப் பற்றி முன்னே சொன்னேன். எங்கள் வகுப்பிலே சென்ற தவணையில் “நான் விரும்பும் வீரர்” என்று கட்டுரை எழுதச் சொன்னேன். முப்பத்தொரு பிள்ளைகளில் இருபத்தாறு பேர் துடுப்பாட்ட வீரரை எழுதினர். எல்லாரும் உலகக் கிண்ணம் வென்றவர்கள். தன்ராஜ் பிள்ளையின் கதையைச் சொன்னதும் ஒரு மாணவி எழுந்து, “அவர் தோத்தவர்தானே, ஐயா?” என்றாள். நேர்மையான கேள்வி. பாங்கொக்கையும் கோலாலம்பூரையும் சொன்னேன். அவள் திருப்தியடையவில்லை. ஒலிம்பிக் நான்கு, பதக்கம் இல்லை என்ற கணக்கை அவள் கரும்பலகையிலிருந்து எடுத்துக்கொண்டாள். அவளுக்கு ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னேன்.

2007இல் தன்ராஜின் வாழ்க்கை வரலாறு ஆங்கிலத்தில் வெளிவந்தது. எழுதியவர் சந்தீப் மிஸ்ரா என்னும் பத்திரிகையாளர். “என்னை மன்னித்துவிடு அம்மா” என்பது அதன் தலைப்பின் பொருள். ஆங்கிலத் தலைப்பிலே மன்னிப்புக் கேட்கும் சொற்கள் ஆங்கிலம். ‘அம்மா’ என்ற ஒரு சொல் மட்டும் மொழிபெயர்க்காமல் தமிழாகவே நிற்கிறது. நான்கு முறை போய் நான்கு முறையும் வெறுங்கையோடு ஆண்டாளம்மாவிடம் திரும்பிய பிள்ளையின் சொல்லாகவே நான் அதனைக் கொள்கிறேன். அச்சொல்லை ஆங்கிலமாக்க மிஸ்ராவுக்கு மனம் வரவில்லை போலும். மாணவி அதைக் கேட்டுவிட்டு, “அவங்கட அம்மா மன்னிச்சிட்டாவா?” என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

இந்தியா மறுபடி ஒலிம்பிக் ஹொக்கிப் பதக்கம் கண்டது 2021இல், டோக்கியோவில். நாற்பத்தொரு ஆண்டு கழித்து ஒரு வெண்கலம். 2024இல் பாரிசில் இன்னொன்று. அவ்விரண்டு அணியிலும் ஆடிய இளைஞர் பலர் தன்ராஜ் ஆடிய நாளில் கைக்குழந்தைகள்.

அவர் தாமோ ஏதென்சோடு கோலைக் கீழே வைத்துவிடவில்லை. 2012இல் இந்தியாவில் உலக ஹொக்கித் தொடர் என்று ஒரு தொழில்முறைப் போட்டி நடந்தபோது கர்நாடக லயன்ஸ் அணிக்கு ஆட வந்தார். வயது நாற்பத்து மூன்று. பின்பு மும்பாயில் சிறுவருக்கு ஹொக்கிப் பயிற்சிக்கூடம் ஒன்றை நடத்த முனைந்தார். பணத்துக்கு அவர் கண்ட வழி விசித்திரமானது. கணினி அச்சுப்பொறிகளில் மை தீர்ந்ததும் எறியும் வெற்றுக் குடுவைகளை வீடு வீடாகவும் அலுவலகம் அலுவலகமாகவும் சேர்த்து, மறுபயன்பாட்டுக்கு விற்று, அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்குக் கோலும் பந்தும் வாங்க எண்ணினார். கட்கியின் ஈரமண்ணில் முறிந்த கோல்களைப் பொறுக்கிய கை அது.